விரல் தின்றது யார்?

மீன் காட்சியகத்து விலாங்கு, தொட்டி கழுவும் கண்ணாடியக்காவின் விரலைத் தின்றுவிட்டதாம். காட்சியக வாசலில் கேட்டபோது ஒரு விரல். பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் அது மூன்றாகியிருந்தது. எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று நேரிலேயே போனேன். ஒன்பதரை இருந்தன.

தொட்டியின் மேல் மேலாளர் பலகை மாட்டியிருந்தார்: ‘விரல் தின்னும் விலாங்கு’. கூட்டம் அள்ளியது. பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி அது வாயைத் திறந்து திறந்து மூட, தங்களைத்தான் திட்டுகிறது என்று நினைத்தவர்கள் கண்ணாடியைத் தட்டிப் பதிலுக்குத் திட்டினார்கள். மிரண்டுபோன விலாங்கு பன்னிரண்டு நாளாக இரையைத் தொடவில்லை. அக்காவுக்குக் கவலை அதுதான். போன அரை விரல் அல்ல.

ஆறு வருடமாக அதற்கு இரை போடுகிறவர் அவர். விலாங்குக்குக் கண் பார்வை மட்டம், மூக்குதான் அதற்கு எல்லாம் என்றார். மீன் வாசம் அடிக்கிற கையும் அதன் கணக்கில் மீன்தான் என்பதால், நீள இடுக்கியில்தான் கணவாய் மீன் துண்டை நீட்டுவாராம். தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது, அது முன்னால் வந்து இரையைக் கவ்வி உள்ளே இழுக்கும் என்று, பெற்ற பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்படியானால் விரல்?

“ஆபீஸ் ரூம் கதவுங்க. காத்துல படார்னு சாத்திக்கிச்சு.”

கதவுக்குத் தடுப்புக்கட்டை வைத்துவிடுவதாக மேலாளர் அன்றைக்கே வாக்குக் கொடுத்திருந்தாராம்.

பலகையை எடுக்கச் சொல்லி அக்கா நாலு முறை கேட்டாயிற்று; மேலாளர் காதில் விழவில்லை. பதிமூன்றாம் நாள் அவருக்குச் சளி. மூக்கடைத்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடி, விலாங்கின் கோபத்தைக் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா இடுக்கியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், காலையிலேருந்து நீங்களும்தான் வாயைத் தொறந்து தொறந்து மூடுறீங்க. யாரைக் கடிக்கப் போறீங்க?”

மேலாளர் வாயை மூடினார். மூச்சு முட்டியது. மறுபடி திறந்தார். கூட்டம் சிரித்தது.

“அதுவும் இதேதான் சார். வாயால தண்ணியை இழுத்து செவுள் வழியா விடுது. மூச்சு, அவ்வளவுதான்.”

சாயங்காலமே பலகை இறங்கியது. ‘தட்டாதீர்கள், மூச்சு விடுகிறது’ என்று ஓர் அட்டையில் எழுதி அக்கா ஒட்டினார். இரண்டு நாள் கழித்து, இடுக்கியிலிருந்த கணவாய் வெடுக்கென்று காணாமல் போனது.

கழற்றிய பலகையை அக்கா வீணாக்கவில்லை. ‘விலாங்கு’ என்பதை அடித்துக் ‘கதவு’ என்று எழுதி, அலுவலக அறை வாசலில் மாட்டிவிட்டார். மேலாளர் தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். தடுப்புக்கட்டை இன்னும் வந்தபாடில்லை.