பத்துப் பாத்திரத்துக்கு ஒரு சிங்க்

அடுக்களையை மாற்றிக் கட்டலாம் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது நான்தான். அலமாரிக் கதவுகள் தொங்கிவிட்டன, டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது, கரப்பான் தொல்லை தாங்கவில்லை என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் உண்மை. ஆனால் கதவுகள் தொங்கிப் பல வருஷம் ஆகிறது. கரப்பான்கள் இந்தச் செம்பூர் வீட்டுக்கு எங்களுக்கு முன்பே குடிவந்தவை. நிஜக் காரணம் வேறு. என் மகன் பால்கனியில் நின்றுகொண்டு யாரிடமோ ஃபோனில் "ஒன் பிஹெச்கே", "டெபாசிட்" என்று தணிந்த குரலில் பேசியது என் காதில் விழுந்திருந்தது. தணிந்த குரலில் பேசினால் அம்மாவுக்குக் கேட்காது என்று ஆண்பிள்ளைகள் எந்த வயதிலும் நம்புகிறார்கள்.

அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. மருமகள் மராட்டிப் பெண். நல்ல உயரம், நல்ல கைவேலை, வாய் குறைவு. தமிழை என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். எங்கள் பாலக்காட்டுப் பேச்சு அப்படியே அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாட்டுங்காவில் இருக்கும் என் அக்கா, அவள் "அப்படியாக்கும்" என்று சொல்லுவதைக் கேட்பதற்காகவே ஃபோன் செய்வாள். எழுத்து மட்டும் வராது. அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது, பம்பாயிலேயே பிறந்த என் மகனுக்கும்தான் தமிழ் படிக்க வராது.

அவர்கள் தனியாகப் போய்விடுவார்களோ என்ற பயம் வந்ததுமே எனக்கு ஒரு யோசனையும் வந்தது. இந்த அடுக்களை என் கல்யாணமான புதிதில் என் மாமியாரும் ஒரு கொத்தனாரும் பேசி முடித்தது. அதில் எனக்கே இடம் போதாது, அவளுக்கு எப்படிப் போதும்? அவளுக்குப் பிடித்த நிறத்தில், அவள் உயரத்துக்கு, அவள் சாமானுக்கு இடம் விட்டு ஒரு அடுக்களை அமைந்துவிட்டால் அதை விட்டுப் போக யாருக்கு மனசு வரும்? இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ரிட்டையர் ஆன பிறகு வாயில் எதுவும் தங்குவதில்லை. வாட்டர் ஃபில்டரை எங்கே மாட்டுவார்கள் என்பதைத் தவிர அவர் எதையும் கேட்கவும் இல்லை.

காட்கோபரில் ஒரு கடையைப் பிடித்தோம். அங்கிருந்து டிசைனர் அம்மாள் ஒருத்தி லேப்டாப்பும் டேப்புமாக வீட்டுக்கு வந்தாள். குஜராத்திக்காரி, ஹிந்தியில் மூச்சுவிடாமல் பேசினாள். முதல் கேள்வியே ஓட்டாவின் உயரம். அடுப்பு வைக்கிற கல்மேடைக்கு இங்கே அதுதான் பெயர். சமைப்பவர் நேராக நிற்கும்போது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே அது இருக்க வேண்டுமாம். "யார் சமைக்கிறார்கள்?" என்று கேட்டாள். நான் மருமகளைக் காட்டினேன். அதே சமயம் அவள் என்னைக் காட்டினாள்.

"உன் உசரத்துக்கே போடச் சொல்லுடி. குனிஞ்சு குனிஞ்சு உன் முதுகு என்னத்துக்காறது?" என்றேன்.

"வேண்டாம்மா. உங்க உசரத்துக்கே இருக்கட்டும். நீங்கதானே நிக்கப்போறேள்."

என் பக்கத்தில் வந்து நின்று, என் முழங்கையைப் பிடித்து, டேப்பை அவளே வாங்கி அளந்து சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் தோசை வார்த்திருக்கிறேன். என் மாமியார் என் முழங்கையை அளந்ததில்லை.

அப்புறம் அலமாரிக் கதவுகளின் ஃபினிஷ். ஒரு பை நிறையத் துண்டுப் பலகைகளை மேஜையில் பரப்பினாள் டிசைனர். பளபளப்பானதில் கைரேகை விழும், மங்கலானதில் எண்ணெய்க் கறை போகாது, வெள்ளையில் மஞ்சள் பட்டால் அவ்வளவுதான். எதை எடுத்தாலும் ஒரு குறை இருந்தது, சம்பந்தம் பார்க்கிற மாதிரி. மருமகளுக்குச் சாம்பல் நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய பாதிச் சுடிதார்கள் அந்த நிறம்தான். எனக்கு அதைப் பார்த்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சாம்பலை எடுத்து முன்னால் தள்ளினேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாம்பழ மஞ்சளை எடுத்தாள்.

"உங்களுக்கு இதாக்கும் பிடிக்கும். எனக்குத் தெரியும்."

உண்மைதான். எனக்கு அதுதான் பிடிக்கும்.

எல்லாமே அப்படித்தான் நடந்தது. கைப்பிடி அகலமாக வேண்டும் என்றாள், என் விரல் முட்டி காலையில் மடங்காது என்பதற்காக. குக்கர், வாணலி, எண்ணெய் எல்லாம் இடுப்புக்குக் கீழே இழுக்கிற ட்ராயரில் என்றாள், நான் ஸ்டூலில் ஏறக்கூடாது என்பதற்காக. கிரைண்டரைத் தூக்காமல் இழுத்தே வெளியே எடுக்கிற மாதிரி தனித் தட்டு. நான் அவளுக்குத் தெரியாமல் டிசைனரைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் கேக் செய்வதற்காக ஒரு ஓவன் வைக்கிற உயர அலமாரியைப் படத்தில் சேர்க்கச் சொன்னேன். அடுத்த தடவை படம் வந்தபோது மருமகள் அதை அடித்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில் எனக்கு உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சின்ன மேஜை வந்திருந்தது. அவள் சோள ரொட்டி சுடுகிற பாக்ரி தவாவுக்கு ஒரு இடம் சொல்லு என்று கேட்டதற்கு, "அது ஒரு மூலையில கெடக்கும்மா, அதுக்கென்ன" என்றாள்.

அன்று ராத்திரி அக்காவுக்கு ஃபோன் போட்டு அரை மணி நேரம் பீற்றிக்கொண்டேன். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும், சொந்தப் பெண்கூட இவ்வளவு பார்க்க மாட்டாள் என்றேன். அக்காவுக்கு இரண்டு மருமகள்கள், இரண்டு பேரும் தனிக்குடித்தனம். "சரி, சரி, நன்னா இருக்கட்டும்" என்று சட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள். எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகனும் அதற்கப்புறம் பால்கனியில் நின்று பேசவில்லை. என் யோசனை பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பழைய அடுக்களையை உடைத்தார்கள். ஹாலில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு சாதமும் ரசமுமாக ஓட்டினோம். கிரானைட் வந்து இறங்கியது. கல்லில் துளை வெட்டுவதற்கு முன் சிங்க்கை வாங்கிக் கொண்டுவந்து கொடுங்கள், அதை வைத்துத்தான் அளவு எடுக்க முடியும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை நானும் மருமகளும் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போனோம்.

கடை முழுவதும் ஸ்டீல் சிங்க்குகளைச் சாமி படம் மாதிரிச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். நான் நேராகப் போய் ஒரு பெரிய சிங்க் முன்னால் நின்றேன். ஆழமான தொட்டி, பக்கத்திலேயே தண்ணீர் வடிகிற தட்டு. நாலு பேர் இருக்கிற வீடு, ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது வருவார்கள், பாத்திரம் தேய்க்க வருகிற பாயி மாதத்தில் பாதி நாள் மட்டம். மருமகள் அதைத் தாண்டிப் போய்ச் சின்னதாக ஒன்றைத் தட்டிக் காட்டினாள்.

"அம்மா, இது போறும். உங்களுக்குக் குனிஞ்சு தேய்க்க வேண்டாம்."

"இதுலயா? நன்னா இருக்கு. இத்தனூண்டு தொட்டியில பத்துப் பாத்திரத்தை எங்க கொண்டு போடறது?"

அவள் சிரித்துவிட்டாள். "பத்துப் பாத்திரம் எங்கேம்மா வரும்? ரெண்டு பேருக்கு நாலு பாத்திரம்கூட ஆகாது."

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமைத்து, சாப்பிட்டு, சோறும் குழம்பும் ஒட்டிக் கிடக்கிற பாத்திரத்துக்குத்தான் பத்துப் பாத்திரம் என்று பெயர். மூன்று வருஷமாகத் தினமும் நான் "பத்துப் பாத்திரத்தைப் போடுடி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் அதை எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் எண்ணிப் பார்த்தாளோ என்னவோ.

"அடி அசடே, பத்துன்னா தஸ் இல்லடி. அது வேற பத்து. சோறு ஒட்டிண்டிருக்கற பாத்திரம். ஒண்ணு இருந்தாலும் பத்துப் பாத்திரம், நூறு இருந்தாலும் பத்துப் பாத்திரம்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். அவள் சொன்னதில் பத்து மட்டும் இல்லை, இன்னொரு எண்ணும் இருந்தது.

"எந்த ரெண்டு பேரு?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தோம்மா. அவர்தான் சொல்றேன்னு சொன்னார்."

"எங்க?"

"அம்பர்நாத். அவர் வேலை பார்க்கற ஃபேக்டரி பக்கத்துலயே. இப்போ விடியறதுக்கு முன்னாடி போறார், ராத்திரி வரார். ட்ரெயின்ல நின்னுண்டே போய் அவருக்கு முதுகு வலி, உங்ககிட்ட சொல்ல மாட்டேங்கறார். எனக்கு வீட்டிலேர்ந்துதானே வேலை, எங்கே இருந்தாலும் ஒண்ணுதான்."

நியாயமான காரணம். கூட்டத்தில் தொங்கிக்கொண்டு அவன் கல்யாண் லைனில் போய் வருவதை நானும்தான் பார்க்கிறேன்.

"அதுக்குத்தாம்மா," என்றாள் அவள், என் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு. "நாங்க போனப்புறம் உங்களுக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாதுன்னுதான் எல்லாம் பார்த்துப் பார்த்து..."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. என் முழங்கை உயரத்துக்கு மேடை, என் விரலுக்குக் கைப்பிடி, ஸ்டூல் வேண்டாத ட்ராயர், அடித்துவிட்ட ஓவன் அலமாரி. நான் அவளை நிறுத்திவைக்க ஒரு அடுக்களை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அதே அடுக்களையை, தான் இல்லாமல் நான் எப்படிச் சமாளிப்பேன் என்று யோசித்து யோசித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அதை ஃபோனில் அக்காவிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தது. அவள் கொஞ்சம் மோசமான மருமகளாக இருந்திருந்தால் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள ஒரு இடம் இருந்திருக்கும். கோபம் போன இடத்தில் அழுகை வந்தது. கடையில் நின்று அழ வேண்டாம் என்று சுவரில் மாட்டியிருந்த குழாய்களின் விலைச்சீட்டுகளைப் படித்தேன். ஒன்றும் மனசில் ஏறவில்லை.

"அங்க அடுக்களை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சின்னதாக்கும்" என்றாள்.

கடைக்காரர் அதுவரை பொறுமையாகத்தான் நின்றிருந்தார். பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருந்தது. "ஆன்ட்டி, கௌன்ஸா தூம்?" என்று கேட்டார், எதைத் தருவது என்று.

"பெரிசு" என்றாள் மருமகள்.

"சோட்டாவாலா" என்றேன் நான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். நான் கடைக்காரரைப் பார்த்து ஹிந்தியில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். சின்ன சிங்க்கைச் சுவரிலிருந்து இறக்கி, துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்ட ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேருமே அவரைத் தடுக்கவில்லை.