கூரை பிரித்த வருஷத்தின் அபிவிருத்தி

தங்கச் சுரங்கத்து மாரிகுப்பத்தில் வீடு கட்டுகிற மேஸ்திரிகளும், சுண்ணாம்புப் பொடியால் தரையில் பிளான் கீறுகிறவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். நான் காரியதரிசி. அதற்கு என்னிடம் இருந்த ஒரே யோக்கியதை, பெங்களூரில் கட்டடப் படம் வரைகிற ஆபீஸ் ஒன்றில் சில காலம் தரை பெருக்கியது. துடைப்பம் பிடித்த கைக்குக் கோடும் நேராக வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை.

வருஷக் கூட்டத்தில் சங்கத்தின் அபிவிருத்தியை நான் வாசிக்க வேண்டும். முதல் வருஷம், சங்கம் ஆரம்பித்தது அபிவிருத்தி. அடுத்த வருஷம், அது உடையாமல் இருந்ததே அபிவிருத்தி.

மூன்றாம் வருஷம் பிளேக் வந்தது. வீடு கட்டுவார் யாருமில்லை. எங்கள் ஆட்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நோய் கண்ட லைன்களில், அதாவது கூலிக் குடியிருப்பு வரிசைகளில், கூரையைப் பிரித்து உள்ளே வெயில் விட வேண்டும், குடியிருப்பவர்கள் மைதானத்துக் கொட்டகைக்குப் போக வேண்டும் என்று சுரங்கக் கம்பெனி உத்தரவு போட்டது. நான் ஆபீஸ் வாசலில் கிடையாய்க் கிடந்து, கட்டினவனுக்குத்தான் எந்த முடிச்சை அவிழ்த்தால் எது விழும் என்று தெரியும் எனத் துரையிடம் வாயாடி, அந்த வேலையைச் சங்கத்துக்கே வாங்கி வந்தேன். தோளில் தூக்காத குறையாக என்னைக் கொண்டாடினார்கள். பிறகு நாங்களே கட்டிய வீடுகளை நாங்களே பிரித்தோம். ஜனங்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அதிலும் பெரும்பங்கு காரியதரிசிக்குத்தான்.

எங்கள் லைனிலும் நோய் கண்டது. என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். கொட்டகைப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். என் வீட்டைக் கடைசியில் வையுங்கள் என்று எங்கள் ஆட்கள் காலில் விழாக்குறையாகக் கெஞ்சினேன். வைத்தார்கள். கடைசியும் வந்தது. அன்று காலையில்தான் அவளுக்கு வலி கண்டது. வானம் கறுத்துக் கிடந்தது.

சங்கத் தலைவர் ஏணியோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னா செகரட்டரி, இனிமே பிரிக்க வேற வூடு இல்லயே. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

கம்பெனிப் பியூன் குடையோடு காவல் நின்றான். ஒரே ஒரு நாள் விடச் சொல்லிக் கேட்டேன். இதுவரை யாரையும் சிரிக்க வைத்துத்தான் காரியம் சாதித்திருக்கிறேன். அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் கன்னடத்தில் "ஆகல்ல" என்றான். உள்ளேயிருந்து என் மனைவி, "நான் உங்களக் கட்டிக்கினனா, உங்க சங்கத்தக் கட்டிக்கினனா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது.

கடைசிக் கூரைத் தட்டி இறங்கவும் மழை பிடித்துக்கொண்டது. தலைவர் சட்டென்று அந்தப் புல் வேய்ந்த தட்டியை ஆட்களோடு தூக்கிக்கொண்டு மொட்டைச் சுவர்களுக்கு நடுவே நுழைந்தார். பியூன் தடுத்தான்.

"பிரிச்சாச்சி, பாத்துக்க," என்றார் தலைவர். "இத நாங்க சொமக்கறோம். சொமக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்குதா?"

பெண்கள் புடவைகளை மறைப்பாகக் கட்டினார்கள். நாங்கள் அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, தட்டியைத் தலைக்கு மேல் பிடித்தோம். நின்ற உடனே சண்டை ஆரம்பித்தது. இந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்றார் ஒருவர், அப்படிச் சாய்த்தால் அவள் மேல்தான் ஊற்றும் என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லாரிலும் குள்ளனான என் பக்கமே தட்டி சாய்ந்து, தண்ணீர் முழுதும் என் கழுத்து வழியே இறங்கியது. என் தொழிலில் நான் அமைத்த முதல் உருப்படியான வடிகால் அது.

வெகு நேரம் கழித்துக் குழந்தை அழுதது. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ரத்தம் நிக்கல," என்றாள் மருத்துவச்சி. "கைய எறக்காத."

பொழுது சாய்கிறபோதுதான் ரத்தம் நின்றது என்றாள். மற்றவர்கள் கையை இறக்கினார்கள். என் கைகள் இறங்கவில்லை. இரண்டு பேர் பிடித்து மடக்கிவிட்டார்கள். அவளையும் குழந்தையையும் அந்தத் தட்டியிலேயே கிடத்தி, மைதானத்துக்குத் தூக்கிப் போனோம். அந்தக் கொட்டகை எங்கள் ஆட்கள் கட்டியதல்ல. ஒழுகியது. அந்த வருஷத்து அபிவிருத்தி என்று கூட்டத்தில் நான் வாசித்தது, அவள் மேல் ஒழுகாத அந்தத் தட்டியைத்தான்.