மீட்டர் காட்டிய ஆறு புள்ளி ஒன்பது

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் உடம்புக்குள் கரண்ட் புகுந்து தங்கிவிட்டது என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் மாமாவின் கிட்டார்.

மாமா தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அது ஊமையாகிவிட்டது. அதன் கம்பிகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றி ஒரு செப்புச் சுருள் உண்டு, பிக்கப் என்பார்கள். அந்தச் சுருள்தான் அறுந்திருந்தது. கந்தப்பளை டவுனில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், எல்லோருக்கும் நானா, மாமாவோடு பல வருடம் பழகியவர், முடியைவிட மெல்லிய கம்பியால் அதைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். மீட்டரில் ஏழரை கிலோ ஓம் காட்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் ஒட்டியிருந்தார்.

அளந்து பார்க்காமல் பூட்ட மாமாவுக்கு மனம் வரவில்லை. மலிவாக வாங்கிய மஞ்சள் மல்டிமீட்டரை இருபது கிலோ ஓமுக்குத் திருப்பி வைத்தார். சுருளிலிருந்து வந்த இரண்டு மெல்லிய வயர்களில் மீட்டரின் ஊசிமுனைகள் நிற்காமல் வழுக்கின. அவற்றை வயரோடு சேர்த்து விரல்களால் அழுத்திப் பிடிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மழையில் நனைந்து வந்த கை. ஆறு புள்ளி ஒன்பது. மறுபடியும் பார்த்தார். ஆறு புள்ளி எட்டு. பிடி தளர்ந்தால் எண் கொஞ்சம் ஏறியது. என் பிடிதான் சரியில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். இறங்கியது. மாமா பேட்டரியை மாற்றினார். முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்த்தார். காட்டியது. கம்பி குறைந்தால் எண்ணும் குறையும், அப்படியானால் நானாதான் சுற்றைக் குறைத்துவிட்டார் என்று முடிவுகட்டினார்.

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு நானாவின் கடைக்குப் போய், வேறு ஆட்கள் நிற்கும்போதே மாமா கேட்டார்.

“சாமிக்கு வாசிக்கிறதுன்னு தெரிஞ்சுமா நானா சுத்துல கொறைச்சீங்க?”

நானா எங்கள் மீட்டரையே வாங்கி, வயர்களைக் கவ்வும் இரண்டு சின்னக் கிளிப்புகளை மாட்டிவிட்டுக் கையை எடுத்தார். ஏழு புள்ளி ஐந்து. பிறகு வீட்டில் எப்படி அளந்தோம் என்று காட்டச் சொன்னார். அன்றும் மழைதான். ஈரக் கையால் பிடித்துக் காட்டினேன். எண் இறங்கியது.

“மகள், கைய எடுங்க,” என்றார்.

எடுத்தேன். ஏறியது. மீட்டரின் கரண்டில் கொஞ்சம் சுருள் வழியாகப் போகாமல் பிள்ளையின் உடம்பு வழியாகப் போய்விடுகிறது, அதனால்தான் குறைத்துக் காட்டுகிறது என்று அவர் மாமாவிடம் சொன்னார். எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. உள்ளே போன கரண்ட் வெளியே வந்ததா என்று யாருமே சொல்லவில்லை. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்து வைத்துக்கொண்டேன்.

மாமா பிக்கப்பைப் பையில் போட்டார். ஆனால் கிளம்பவில்லை. அலமாரியில் இருந்த ரேடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானா பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொன்னார். அதைக் குடித்து முடித்த பிறகும் மாமா எழுந்திருக்கவில்லை. எங்கள் பஸ் ஒன்று போனது. அடுத்ததும் போனது.

“மாமா, மழ விட்டிருச்சு. போவமா?” என்றேன்.

“கொஞ்சம் இரு,” என்றார்.

மழைக்காகத்தான் இருக்கிறோம் என்று அதுவரை நினைத்திருந்தேன். விட்ட பிறகும் எதற்காக இருக்கிறோம், நானாவும் எங்களைப் பார்க்காமல் ஒரே திருகாணியை ஏன் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.