அழகுத் தேமல்

நான் அலுவலகம் போகும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவர் வரும். உடம்பில் வெளிறிய, உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம், தாமதிக்காமல் வந்து காட்டவும் என்று அதில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நிற்கும் இடமும் அதுதான். கள்ளக்குறிச்சியில் ஆட்டோ அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது. மற்றவர்கள் செல்போன் பார்ப்பார்கள். படித்தவள் என்பதால் நான் சுவரைப் படிப்பேன். ஆரம்பத்திலேயே வந்தால் முழுதாகக் குணமாகும் என்ற கடைசி வரியையும் படித்திருக்கிறேன். ஆனால் பயப்படுகிறவர்களுக்குக் கடைசி வரி ஞாபகத்தில் நிற்பதில்லை.

மகள் பத்தாம் வகுப்பு. அவள் பள்ளியில் எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டிக்கொண்டு போகவேண்டும். தலை வறண்டிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தப்பட்ட பிள்ளையின் தாய் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அதனால் தேங்காயெண்ணெய் கழுத்து வழியாக இறங்கிச் சீருடைக் காலரை நனைத்தால்தான் எனக்குத் திருப்தி. அப்படி ஒருநாள் சடை பின்னும்போதுதான் அவள் பின்னங்கழுத்தில் அந்த வெளிறலைப் பார்த்தேன். காலரை இறக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் சின்னதும் பெரியதுமாக, மாவு சிந்தினாற்போல் இருந்தது.

என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் காட்டினேன். மக்காச்சோள இலையைப் பார்ப்பதுபோல் அவளை வெளிச்சத்தில் திருப்பி நிறுத்திப் பார்த்தார்.

"துத்தநாகம் கம்மியா இருக்கும்" என்றார்.

"பயிருக்கா சொல்றீங்க?"

"எல்லாத்துக்கும்தான்."

அந்த வாரமே களமருதூரிலிருந்து என் நாத்தனார், அவருடைய தங்கை, வந்தாள். பை நிறைய முருங்கைக்காயும் வாய் நிறைய யோசனையுமாக வருகிறவள். மகளின் முதுகைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐய, இதுக்கா அண்ணி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க? இது அழகுத் தேமலு. கல்யாணத்தப்ப உங்களுக்கு இல்லியா? அதப் பாத்துட்டுதான எங்கம்மா, பொண்ணு லட்சணமா கீதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாங்க. மலையெண்ணெ வாங்கி ரெண்டு வேளையும் தேச்சி வுடுங்க, பளபளன்னு ஆயிடுவா."

மலையெண்ணெய் என்பது கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வருவதாகச் சொல்லி விற்கப்படும் பச்சை எண்ணெய். என்ன இலை போட்டுக் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டால், எல்லா இலையும் என்பார்கள். வாங்கினேன். காலையில் பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறை, சாயங்காலம் வந்ததும் ஒருமுறை தேய்த்தேன். மகள் நழுவி நழுவி ஓடினாள். பிடித்து உட்காரவைத்துத் தேய்த்தேன். நாத்தனார் சொன்னபடியே பளபளவென்றுதான் ஆனாள். தேமல் தோளைத் தாண்டிக் கைக்கு வந்துவிட்டது. எண்ணெய் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு புட்டி வாங்கினேன்.

இதற்கிடையில் சுவர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. உணர்ச்சி இல்லாத தேமல் என்றுதானே எழுதியிருக்கிறார்கள், இதில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போயிற்று. முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த மயிலிறகை எடுத்து, அவள் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கழுத்தில் மெல்லத் தடவினேன். கொசு என்று நினைத்துப் பட்டென்று அடித்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த உயிர் மறுநாள் வரைக்கும்தான். நேற்று இருந்த உணர்ச்சி இன்றைக்கும் இருக்கும் என்று யார் கண்டது? மறுபடி மயிலிறகு. பிறகு நூல், வாழைநார், கடைசியில் துடைப்பக்குச்சி. அவளுக்குத் தெரியாமல் செய்வது முடியாமல் போனதும், "கண்ண மூடிக்கோ, நான் எங்க தொடறேன்னு சொல்லு" என்று வெளிப்படையாகவே கேட்க ஆரம்பித்தேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்து அவள் முதுகுப்பக்கம் உட்கார்ந்தேன்.

"தெரியுதா?"

"தெரியல."

துடைப்பக்குச்சியை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். "இப்ப?"

"தெரியலம்மா."

குக்கர் விசில் விட்டுக்கொண்டே இருந்தது. நான் எழவில்லை. அடிப்பிடித்த வாசனை வந்து மகள்தான் போய் அணைத்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பெஞ்சில் தனியாக உட்காரவைத்து, சொந்தக்காரர் வீடுகளில் தனித் தம்ளர் வாங்கிக்கொடுத்து, கல்யாணமே இல்லாமல் நாற்பது வயது வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அந்தத் தம்ளரின் நிறம்கூட எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தோல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். அந்த வெயிலில் மகளின் கழுத்தைத் துப்பட்டாவால் சுற்றி மூடினேன். ஆட்டோவில் ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாள், "பாப்பாவுக்கு ஜுரமா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

டாக்டர் இளம்பெண். சுவரில் இருந்ததையும் துடைப்பக்குச்சியையும் தணிந்த குரலில் சொன்னேன். அவர் பஞ்சைத் திரித்து முதுகில் வைத்ததுமே மகள் நெளிந்தாள்.

"கூசுது டாக்டர்."

"இங்க?"

"ஐயோ, கூசுது!"

"அப்புறம் ஏன் பாப்பா அம்மாகிட்ட தெரியலன்னு சொன்ன?"

"தெரியுதுன்னு சொன்னா திரும்பத் திரும்பக் குத்திக்கினே இருக்காங்க டாக்டர். தெரியலன்னா வுட்டுடுவாங்கன்னு பாத்தேன்."

எனக்கு அவளை அங்கேயே அறையவும் கட்டிப்பிடித்து அழவும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

டாக்டர் தேமலை லேசாகச் சுரண்டிக் காட்டினார். தவிடு மாதிரி தூள் உதிர்ந்தது. "இது ஒரு பூஞ்சைங்க. எல்லார் தோல்லயும் இருக்கறதுதான். தொட்டா ஒட்டிக்காது. வேர்வையும் எண்ணெயும் ஜாஸ்தியானா பெருகிடும். எண்ணெ எதாவது தேய்க்கிறீங்களா?"

"குளிப்பாட்டறாங்க" என்றாள் மகள்.

"அதுக்கு சாப்பாடே எண்ணெதாங்க. ரெண்டு வேளையும் பந்தி போட்டிருக்கீங்க" என்று டாக்டர் சிரித்தார். பூஞ்சைக்கான கிரீமும் ஒரு ஷாம்பும் எழுதினார். ஷாம்பை முதுகில் நுரையாகப் பூசி, சற்று ஊறவிட்டுக் கழுவவேண்டும். ஈரம் போகத் துடைத்தபின் கிரீமை மெல்லிசாக, தேமலின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நல்ல தோலிலும் தடவவேண்டும். "கடையில சும்மா கேட்டா எல்லாம் கலந்த கிரீம் ஒண்ணு குடுப்பாங்க, அத வாங்காதீங்க. நல்லான மாதிரி இருந்தாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. கலர் திரும்பி வர மாசக்கணக்காகும். வெளுப்பா இருக்கறதால வியாதி இருக்குன்னு அர்த்தமில்ல" என்றார்.

எழுந்தபோது என் கழுத்தைப் பார்த்தார். "உங்களுக்கும் இருக்கே. ரொம்ப வருசமாவா?"

"அது அழகுத் தேமல் டாக்டர்" என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. டாக்டர் சீட்டில் எனக்கும் ஒரு கிரீம் சேர்த்து எழுதினார்.

எண்ணெயைத் தலைக்கு மட்டும், அதுவும் சொட்டாகக் குறைத்தேன். கிரீமை விடாமல் தடவினேன். தூள் உதிர்வது நின்றது. ஆனால் வெளுப்பு அப்படியே இருந்தது. டாக்டரின் கடைசி வரியும் சுவரின் கடைசி வரி போன இடத்துக்கே போயிருந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரிடம் தனியாகப் போய் நின்றேன்.

"சுரண்டினா தூள் வருதா?"

"இல்லைங்க."

"அப்ப அது செத்துப் போச்சுங்க. இனிமே தோல்தான் கறுக்கணும். பொண்ண கொஞ்சம் வெயில்ல வுடுங்க."

வெயிலில் விடுவதுதான் கடினமாக இருந்தது. மலையில் அருவிக்குப் போகப் பள்ளியில் ஏற்பாடு செய்தார்கள். மகள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"எல்லாரும் முதுகப் பாப்பாங்க."

"பாத்தா இன்னாடி இப்ப? ஒட்டிக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"ஒட்டிக்காதுன்னா நீ ஏன் தெனமும் துப்பட்டாவச் சுத்தி அனுப்பற?"

அன்றைக்கே துப்பட்டாவைத் துவைத்துப் பீரோவில் வைத்தேன். அவள் போனாள். சாயங்காலம் தலை ஈரம் காயாமல், உதடு நீலம் பாரித்துத் திரும்பி வந்தாள். யாராவது பார்த்தார்களா என்று கேட்காமல் இருக்க முயன்று, கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா பாக்கறது? எல்லாரும் பாறைல வழுக்கி வுழுந்துகினு இருந்தாளுங்க."

அவள் முதுகு இப்போது ஏறக்குறைய ஒரே நிறம். மிச்சம் இருப்பது என் தேமல்தான். பின்கழுத்துக்குக் கீழே என் கை எட்டாது. மகள்தான் கிரீம் தடவிவிடுகிறாள். முதல் நாள் என் பின்னால் உட்கார்ந்து, மூடியைத் திருகித் திறந்தவள், என்னுடைய குரலிலேயே, "கண்ண மூடிக்கோ. தெரியுதா?" என்றாள்.

"தெரியுது, தெரியுது" என்றேன்.

"இன்னும் தொடவே இல்லம்மா" என்றாள்.