ஆளுக்கொரு சாமான்

மங்களக்கா கோயம்புத்தூருக்குப் போகப்போகிறாள் என்று என் வீட்டுக்காரர் குணசேகரன் வந்து சொன்னபோது நான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமாம். முத்தாபுதுப்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக மகனோடு போய் இருக்கப்போகிறார்களாம். "போனா போவட்டும், எனக்கு இன்னா?" என்றேன். வாய்தான் சொன்னது. கை அந்த உளுந்தை நாலாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தது.

மங்களக்காவும் நானும் பேசி இருபது வருஷம் ஆகிறது. தப்பு என்னுடையதுதான். இதை இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. ஊர் முழுக்க அவளைத்தான் குறை சொல்லித் திரிந்தேன்.

அப்போது ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. நாலு வீட்டு ஆண்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். இருபதாம் தேதி தாண்டினால் நாலு பேருக்கும் ஒரே முகம். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியான மங்களக்காதான் அந்தச் சட்டத்தைப் போட்டாள். ஒரு வீட்டில் இருக்கிற சாமானை இன்னொரு வீட்டில் வாங்கக் கூடாது. "நாலு ஊட்லயும் நாலு கிரைண்டர் இன்னாத்துக்குடி? நாலும் ஒரே நேரத்துலயா சுத்தப் போவுது?" என்று கேட்டாள். மூன்று பேரும் தலையாட்டிவிட்டோம்.

கிரைண்டர் அவளுடையது. மாடி வீட்டு ஹேமாவதியிடம் ஏணி. அவளுக்கு எதிர் வீட்டு முத்தம்மாளிடம் முப்பது இட்லி வேகிற குண்டான். என்னிடம் கரண்டு இஸ்திரிப் பெட்டி. என் கல்யாணத்துக்கு வந்தது அது. தூக்கினால் தோள்பட்டை இறங்கும், அவ்வளவு கனம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மங்களக்கா வீட்டு வாசலில் நாலு வாளி வரிசையாக நிற்கும். மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு துணிக் கிழிசல். என்னுடையது பச்சை. திங்கட்கிழமை சாயங்காலம் நாலு வீட்டுத் துணியும் என் கட்டிலில் குவியும். நான் தேய்ப்பேன், அவர்கள் மடிப்பார்கள், ஊர்க்கதை அத்தனையும் அங்கே ஓடும். வேலை முடிந்தும் ஒருத்தியும் எழுந்து போகமாட்டாள். அந்தத் திங்கட்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மங்களக்காவை நாங்கள் ஓட்டாத ஓட்டு இல்லை. சோப்பு தேய்ந்து சில்லானதும் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவாள். கொத்தமல்லிக் காம்பை ரசத்துக்கென்று எடுத்துவைப்பாள். காய் வாங்குவதென்றால் கடை கட்டுகிற நேரத்துக்குத்தான் கிளம்புவாள். தீபாவளிக்கு நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே துணியை மொத்தமாக எடுத்து வெட்டித் தைக்கக் கொடுப்பாள். எல்லாப் பிள்ளைகளும் பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி ஒரே நிறத்தில் திரியும். அப்படி எடுத்த ஒரு போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது.

புத்தி கெட்டது எனக்குத்தான். மார்க்கெட்டில் ஒரு கடையில் மேஜைமேல் வைக்கிற சின்ன கிரைண்டர் வந்திருந்தது. பழைய மின்சாமான் எதைக் கொடுத்தாலும் முந்நூறு ரூபாய் கழிவு என்று போர்டு வேறு. வாளியோடு வரிசையில் நிற்பது எனக்கு அலுத்துப் போயிருந்த நேரம். இஸ்திரிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, கிரைண்டரோடு திரும்பினேன். பெட்டி எங்கே என்று கேட்டால் உள்ளே காயில் எரிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கிரைண்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பழைய சேலையால் மூடிவைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் டிவியை அலறவிட்டு அரைத்தேன். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கிற சுவர் அது. உளுந்து அரைபடுகிற சத்தம் மங்களக்காவுக்கா தெரியாது?

அந்த ஞாயிறு ஒன்றுமே நடக்காத மாதிரி பச்சைத் துணி வாளியோடு போய் நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "கிரைண்டர்தான் உன்னாண்டயே கீதே, சரசா" என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். மற்ற இரண்டு வீடும் அவள் பக்கம். துணி வருவது நின்றது. பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்காரர் மனோகரன் அண்ணன் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார். என்னைக் குத்திக்காட்டத்தான் இப்படி அனுப்புகிறாள் என்று நானும் முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாரும் ரிட்டயர் ஆகி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

குணசேகரன் சொன்ன அன்றைக்கே, அரிசியும் உளுந்தும் ஊறியதும் வாளியில் போட்டுக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். கதவை முகத்தில் சாத்தினால் சாத்தட்டும். கோயம்புத்தூருக்கெல்லாம் என்னால் வாளி தூக்கிக்கொண்டு போக முடியாது.

கதவைத் திறந்த மங்களக்காவுக்கு முடி மொத்தமும் நரைத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தாள்.

"பச்சத் துணி எங்க?"

"ஒரே வாளிதானேக்கா. மாறாது." வாளியை நீட்டினேன்.

வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதே பழைய கிரைண்டர். அது கடகடவென்று சுற்ற ஆரம்பித்ததும் நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். தரையில் விரித்த போர்வைமேல் அண்ணன் சட்டை ஒன்று, அதன்மேல் ஆவி பறக்கும் பித்தளைச் சொம்பு.

"இன்னாக்கா இது, சுடுதண்ணி சொம்ப வெச்சா சட்ட தேய்க்கிறே? ஒரு இஸ்திரிப் பொட்டி வாங்கினா கொறஞ்சா பூடுவே?" என்று பழைய உரிமையில் கேட்டுவிட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "பொட்டிதான் உன்னாண்ட கீதே. நான் எதுக்கு வாங்கணும்?"

இருபது வருஷம். பேச்சில்லை, போக்குவரத்தில்லை, மகன் கல்யாணத்துக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் சட்டத்தை மட்டும் மீறவில்லை. பெட்டி என் வீட்டில் இருக்கிறது என்றே இருந்திருக்கிறாள்.

காயில் எரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அக்கா, அந்தப் பொட்டி இல்லக்கா. அத்த கடைல குடுத்துதான் அந்தக் கிரைண்டர வாங்கினேன்."

அவள் எழுந்து போய்க் கிரைண்டரை நிறுத்தினாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"எவ்ளோ கழிச்சான்?"

"முந்நூறு."

"முந்நூறா!" தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அந்தக் கனத்துக்கு முந்நூறா? அடிப்பாவி, நான் வந்திருந்தா ஐந்நூறுக்குப் பேசிருப்பேனே! என்ன ஏன்டி இட்டுகினு போவல?"