கம்ப்யூட்டர் சொன்ன நட்சத்திரம்

மெஷின்களைப் பற்றி யாராவது அபிப்பிராயம் கேட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். தி. நகரில் அப்பா வைத்திருந்த ரேடியோக் கடையின் பின்கட்டுதான் எங்கள் வீடு. வால்வு ரேடியோ பெரிதா, டிரான்சிஸ்டர் பெரிதா என்ற சண்டையில் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டேன். வால்வு ரேடியோ சூடாகி வாய் திறப்பதற்குள் செய்தியில் பாதி முடிந்துவிடும். ஆனால் திறந்தால் அந்தக் குரலுக்கு ஒரு கனம் உண்டு. டிரான்சிஸ்டர் திருகினவுடன் கத்தும், கத்துவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடமும் இதையே சொல்வேன். டிரான்சிஸ்டர்தான் நிறைய விற்றுக்கொண்டிருந்த காலம் அது. "ஏளா, நீ உள்ள போ" என்பார் அப்பா. திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் பேச்சு மாறவேயில்லை.

மெட்ராசுக்கு டி.வி. வந்தபோதும் எனக்கு அபிப்பிராயம் இருந்தது. மரக்கதவு வைத்து, கதவுக்குப் பூட்டும் வைத்து விற்றார்கள். பூட்டி வைக்கிற பொருளை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும்போது எங்கள் கடை வாசலில் தெருவே கூடி நிற்கும். கரண்ட் கொஞ்சம் இறங்கினாலும் படம் சுருங்கி, கதாநாயகிக்கு நெற்றி போய்விடும். அத்தனை பேரும் திரும்பி அப்பாவைப் பார்ப்பார்கள், அவர்தான் கரண்டைக் குறைத்த மாதிரி.

ஆனால் நான் மனசைப் பறிகொடுத்தது கம்ப்யூட்டரிடம்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கணக்கையெல்லாம் அட்டையில் ஓட்டைகளாக அடித்துக் கொடுக்க வேண்டும். மெஷின் அந்த ஓட்டைகளைத்தான் படிக்கும். ஒரு கார்டை நான் அடித்தால், பக்கத்து மெஷினில் இருக்கும் சைதாப்பேட்டைத் தோழி அதே கார்டை வைத்து அதே எழுத்துகளை மறுபடி அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து கார்டு அப்படியே நின்றுவிடும். என் கார்டுகள் நிற்காது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மெஷினுக்கு ஏ.சி., எங்களுக்கு மின்விசிறி. எங்கள் புரோகிராமர் சார் அதற்குச் சதுரக் கட்டத்தில் சைபரும் பெருக்கல் குறியும் போடும் விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் என்னை உட்காரவைத்து ஆடச் சொல்வார். ஜெயிக்கவே முடியாது, சமன் செய்யலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்தாலும் முகம் மலராத ஒன்றோடு என்ன விளையாட்டு என்று சொன்னேன். சார் அதையும் ஒரு அபிப்பிராயமாக மதித்துக் கேட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கல்லூரியில் வேலை, வீடு அடையாறில். அப்பா கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து தனியாகவே அவரை வளர்த்தவர் அவருடைய அம்மா. மாப்பிள்ளை வழக்கமாகக் கேட்கிற எதையும் கேட்கவில்லை. "அந்த மெஷின்ல தப்பு வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். கேட்டாரே ஒழிய, அதற்கப்புறம் நான் விடவில்லை. கார்டு, ஓட்டை, சிவப்பு விளக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் அம்மா பின்னாலிருந்து என் முதுகில் இரண்டு தரம் கிள்ளினாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ மெஷின் தப்பு பண்றதில்ல, நாமதான் பண்றோம்" என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது என்று அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜாதகம் மட்டும்தான் பாக்கி. எனக்கு மக நட்சத்திரம், சிம்ம ராசி. ஊர் ஜோசியர் ஓலை மாதிரி ஒரு நீளக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது வீட்டில் இருந்தது. புரோகிராமர் சார் அப்பாவின் கடைக்கு உதிரி சாமான் வாங்க வருகிறவர். கிரகங்களும் சந்திரனும் எந்த நேரத்தில் எங்கே இருந்தன என்று கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றைச் சொந்த ஆசைக்கு எழுதி வைத்திருந்தார். ஜாதகம் என்று பெயர் போட்டால் மேலிடத்தில் திட்டுவார்கள் என்று 'சோதனை' என்று பெயர் கொடுத்திருந்தார். "உங்க ஜாதகத்தை இதுலயே போட்டுடலாமே" என்றார். எனக்குக் கசக்குமா? என் பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் நானே கார்டில் அடித்தேன். தோழி சரிபார்த்தாள். விளக்கு எரியவில்லை.

மறுநாள் பதில் அச்சாகி வந்தபோது நான் கிளம்பிவிட்டிருந்தேன். சார் அதை வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் அப்பாவிடமே கொடுத்திருக்கிறார். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அகலக் காகிதம். நடுவில் நட்சத்திரக் குறிகளாலேயே வரைந்த கட்டம். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததை அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கவெல்லாம் இல்லை. ஜோசியர் எழுதினதுதானே இதிலும் இருக்கப்போகிறது என்று இரண்டையும் ஒன்றாக மடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நல்ல நேரம் முடிவதற்குள் கல்யாணத் தரகரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். எம்மவ வேலை பாக்கிற மெஷினே எழுதினது என்று பெருமையாகச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்.

காலையில் ஆபீசில் சார் சாதாரணமாகத்தான் கேட்டார். "நீங்க ஆயில்யமா? நான் மகம்னு நினைச்சேன்."

கையிலிருந்த கார்டுக் கட்டைக் கீழே வைத்தேன். ஆயில்யத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமியாரின் உயிருக்கு ஆகாது என்று ஊரே நம்பும். அதிலும் கடைசிப் பாதம் என்றால் கேட்கவே வேண்டாம். மெஷின் எனக்குக் கடைசிப் பாதத்தைத்தான் கொடுத்திருந்தது. அந்த வீட்டிலோ தாயும் பிள்ளையும் மட்டும்தான்.

என் கார்டைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறந்த நேரத்தையும் சந்தேகப்பட வழியில்லை. ரேடியோவில் மணி சொல்வதைக் கேட்டுத் திருப்பி வைத்த கடிகாரத்தில் அப்பாவே பார்த்துக் குறித்தது அது. சார்தான் விளக்கினார். ஊர் ஜோசியர் பார்த்தது வாக்கியப் பஞ்சாங்கம், பழைய வாய்பாட்டுக் கணக்கு. இவர் புரோகிராம் போட்டது திருக்கணிதம் மாதிரி, சந்திரன் வானத்தில் நிஜமாகவே இருக்கும் இடத்தைப் பார்க்கிற கணக்கு. ஒரு நட்சத்திரம் முடிகிற நேரத்தில் இரண்டுக்கும் சில மணி நேர வித்தியாசம் வரும். நான் பிறந்தது சரியாக அந்த இடைவெளியில். வாக்கியப்படி மகம் பிறந்துவிட்டது. திருக்கணிதப்படி ஆயில்யம் இன்னும் முடியவில்லை.

"அப்ப எது சார் சரி?" என்றேன்.

"நிலா எங்க இருந்ததுன்னு கேட்டா மெஷின் சொன்னதுதான். மத்ததெல்லாம் என்னைக் கேக்காதீங்க" என்றார். பாவம், அவர் முகமும் வெளுத்திருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா கடையைப் பாதியில் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மாதான் கொதித்தாள். "இத்தன வருசமா மகம்னு சொல்லித்தான் கோயில்ல அர்ச்சனை பண்ணுதோம். எம்பிள்ள நட்சத்திரம் சாமிக்குத் தெரியாதா, அந்தத் தகரப் பொட்டிக்குத்தான் தெரியுமா?"

அப்பா மெதுவாகக் கேட்டார். "மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதான ளா சொல்லுவ?"

நான்தான் சொன்னேன். கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னேன்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவல் இல்லை. தரகரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் மூவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் என் கார்டுகள் முதல் தடவையாக நிற்க ஆரம்பித்தன. "இன்னாடி, வச்ச கார்டெல்லாம் செவப்பு லைட்டப் போட்டுக்கினு நிக்குது. கை இங்க கீது, மனசு எங்க கீது?" என்றாள் தோழி. அவளிடம் சொல்லி அழுதேன். அவள் அன்று என் கார்டுகளையும் சேர்த்துத் திருத்திக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "அவுக கேட்டா, ஒரு ஓட்டை தப்பா விழுந்துட்டுன்னு சொல்லிரு. அவ்வளவுதான. யாரு போய்ப் பாக்கப் போறா?"

யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை. அது எனக்கும் தெரியும். ஒரே ஒரு வார்த்தை, கல்யாணம் நடந்துவிடும். தலையாட்டினேன். சொல்லிவிடுவது என்றுதான் தீர்மானமாக இருந்தேன். கைதவறிவிட்டது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். சொல்லும்போதெல்லாம் முகம் ஒரு மாதிரி கோணியது.

சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து இறங்கினார். கடையில் போட்டிருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா எதிர்க்கடையிலிருந்து சோடா வரவழைத்தார். அந்த அம்மா அதைத் தொடாமல், கைப்பையிலிருந்து அந்த அகலக் காகிதத்தை எடுத்து விரித்தார். மூலையில் மஞ்சள் காய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் அவரே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்.

"ஏம்மா, ஜோசியர் மகம்ங்கறார், இது ஆயில்யம்ங்குது. இதுக்குக் கார்டு அடிச்சது நீதானாமே. தப்பா அடிச்சியா?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"இல்லம்மா. சரியாத்தான் அடிச்சேன்" என்றேன். அதற்கப்புறம் எனக்கே அடங்கவில்லை. இரண்டு பஞ்சாங்கத்தையும் நிலாவையும் வித்தியாசத்தையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். அப்பா எழுந்து போய்க் கடையின் மறுகோடியில் ஒரு ரேடியோவைத் துடைக்க ஆரம்பித்தார். அவருடைய முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அந்த அம்மா காகிதத்தை மடித்தார். "தப்பா அடிச்சிட்டேன்னு நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன். இப்படி மாட்டிவிட்டுட்டியே."

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"எனக்கு இதுல பயமில்லம்மா. எனக்கும் பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் கல்யாணம் பண்ணாங்க, அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு. உன்னை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா நான் கஷாயம் குடிச்சிட்டுப் படுத்துக்குவேன். நீ என்ன பண்ணுவே? உன்னாலதான்னு ஊர்ல நாலு பேர் பேசுவாங்க. அதையும் விடு, உனக்கே தோணும். தாங்குவியா?"

"எனக்குத் தோணாதும்மா. அது வெறும் கணக்கு" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவர் காகிதத்தைக் கைப்பையில் வைத்தார். பிறகு சோடாவை எடுத்துக் குடித்தார். "ஒரு மாசத்துக்குள்ள கல்யாணத்தை வச்சுக்கலாம். பையன் அவசரப்படறான்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா துடைத்துக்கொண்டிருந்த ரேடியோவைக் கையில் வைத்தபடியே கும்பிட்டார்.

கல்யாணம் நடந்தது. நான் வேலையை விடவில்லை. விடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. மாமியாரும் நானும் நன்றாகவே ஒத்துப்போனோம். புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டு அதற்கு நேர்மாறாக வாங்குவார். கைக்கடக்கமான எலக்ட்ரானிக் கால்குலேட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தபோது, அது சொன்ன விடையை ஒவ்வொன்றாக மனக்கணக்கில் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்றைய பொழுது தாண்டினால்தான் தெரியும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். காலை முழுக்க யாரும் வெளியே வரவில்லை.

"அது வெறும் கணக்குன்னு நீதான் சொன்னே" என்றார் அவர், என் மனசுக்குள் இருப்பது தெரிந்தவராக.

"ஆமா" என்றேன். ஆனால் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் மகம், நான் மகம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். புரோகிராமில் எங்கேயாவது ஒரு வரி பிசகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் விரல் ஒரே ஒரு தரம் தவறியிருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். வாழ்நாளில் எந்த மெஷினும் தப்பாக இருக்க வேண்டுமென்று அப்படி ஆசைப்பட்டதில்லை.

மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் இறங்கிவிட்டதாகச் சொல்லி ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் போகச் சொன்னார். மாமியார் கண் திறந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எந்தப் பஞ்சாங்கத்தை நம்பிட்டு உக்காந்திருந்தே?" என்றார். குரலே எழும்பவில்லை.

"வாக்கியந்தாம்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.