ஐம்பத்தொன்பதில் ஒரு பங்கு

பச்சைப் பையைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறார் சச்சிதானந்தன். உணவுக் கழிவு மட்டும் இருக்கவேண்டிய பை அது. உள்ளே ஒரு பால் பெட்டி நசுங்கிக் கிடக்கிறது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குப்பை அறையின் சுவரைப் பார்த்து, "இதுதான் பாருங்கோ இஞ்சத்தைப் பிரச்சினை. மிச்சத்தை அரசாங்கம் பாத்துக்கொள்ளும் எண்டு சனம் நினைக்குது" என்கிறார். பால் பெட்டியிலிருந்து அரசாங்கத்துக்குப் போய்ச் சேர அவருக்கு ஒரு வாக்கியம் போதும்.

ஒஸ்லோவின் அம்மருட்டில் ஐந்து அடுக்குமாடிகளுக்கு அவர் பராமரிப்பாளர். வயது ஐம்பத்தெட்டு. இடுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட சாவிகள்; பார்க்காமலே, தடவி எடுப்பார். நொர்வேக்கு வந்த புதிதில் வடகோடி ஹம்மர்பெஸ்டில் ஏழு வருடம் மீன் வெட்டினார். அந்த ஏழு வருடத்தையும் பேச்சில் ஒரு சான்றிதழைப்போல நீட்டுவார். "குளிருக்கை நிண்டு வெட்டினனான். ஒருத்தரிட்டையும் போய்க் கை நீட்டேல்லை." இதைக் கேட்காதவர் ஒஸ்லோத் தமிழரில் குறைவு. காரணம், ஞாயிறு தோறும் பதினொரு மணிக்குச் சமூக வானொலியில் ஒரு மணிநேரம் அரசியல் பேசுகிறவர் அவர்தான்.

நிகழ்ச்சிக்கு வரும்போது வாரத்துப் பத்திரிகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். உடன்படும் வரிகளுக்கு நீலக் கோடு, உடன்படாதவற்றுக்குச் சிவப்பு. சிவப்புப் பேனாதான் சீக்கிரம் தீரும். வரியைக் குறைக்கவேண்டும், பிள்ளைகளைத் தாய் தகப்பன் வளர்க்கவேண்டும், சுகவீன விடுப்பை இறுக்கவேண்டும், முதியோர் இல்லங்களைத் தனியார் நடத்தினால் என்ன குறைந்துவிடும்: இருபது வருடமாக இந்த நான்கையும் மாற்றி மாற்றி அடுக்குகிறார். அவர் கருத்துகளில் பாதியுடன் எனக்கு உடன்பாடில்லை. மறுபாதி, நான் இளமையில் உடன்பட்டு விலகியவை.

நேயர்கள் சண்டைக்கென்றே தொலைபேசி எடுப்பார்கள். நேரலையில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்ட அதே ஆள், நிகழ்ச்சி முடிந்ததும் மறுபடி அழைப்பார். "அண்ணை, கோவிக்காதேங்கோ. எங்கடை குசினித் தொட்டி அடைச்சுப்போச்சு. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?" சச்சிதானந்தன் போவார். தன் கட்டடமா, தன் வேலைநேரமா என்று பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் கையை நம்பி வாழவேண்டும் என்று பதினொரு மணிக்குப் பேசியவர், ஒரு மணிக்கு இன்னொருவர் வீட்டுத் தொட்டிக்கடியில் மல்லாந்து கிடப்பார். ஒரு கொள்கைக்கு அதன் சொந்தக்காரரே இவ்வளவு இடைஞ்சல் செய்வதை நான் அதிகம் கண்டதில்லை.

கடந்த நகரசபைத் தேர்தலில் ஒரு சின்ன வலதுசாரிக் கட்சி அவரைத் தன் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டது. அதற்கு இரண்டு இடம் நிச்சயம், மூன்றாவது சந்தேகம். பதவி ஆசையா என்று கேட்டேன். சாவிக்கொத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். "பதவியை விடுங்கோ. இருவது வருசமாக் கத்துறன். ஒரு ஐந்நூறு பேரெண்டாலும் நான் சொல்லுறது சரியெண்டு மாறியிருக்கினமோ, இல்லாட்டி தொட்டி திருத்துறதுக்குத்தான் என்னை வைச்சிருக்கினமோ? அது தெரியவேணும்."

அது தெரிவதற்கு இந்த ஊரின் வாக்குச்சீட்டு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனிச் சீட்டு. விரும்பிய கட்சியின் சீட்டை எடுத்து மடித்துப் போடலாம். விரும்பினால் அதிலேயே வேறு கட்சி வேட்பாளர் ஒருவரின் பெயரையும் கையால் எழுதலாம். எழுதினால் அந்த ஆளுக்கு ஒரு தனிவாக்கு கிடைக்கும். ஆனால் அவருடைய கட்சிக்குப் போவது ஒரு வாக்கின் ஐம்பத்தொன்பதில் ஒரு பங்குதான். சபையில் ஐம்பத்தொன்பது இடங்கள். மீதி முழுவதும் சீட்டின் கட்சிக்கே.

அதற்கு முந்தைய தேர்தலில், எந்தக் கட்சியில் நின்றாலும் தமிழர் நாலு பேர் உள்ளே போகட்டும் என்று, இந்த வழியை வானொலியில் சொல்லிக்கொடுத்தவரே சச்சிதானந்தன்தான். பங்குக் கணக்கையும் சொன்னார். பெயரை எழுதும் பகுதி எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. பங்கைக் காதில் வாங்கியவர் இல்லை.

வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு குரூருட் நிலத்தடி ரயில் நிலையத்தின் வாசலில், தூறலில், துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றார். யோகலிங்கம் வந்தார். பேருந்து ஓட்டுபவர், பழைய தொழிற்சங்கக்காரர், வானொலியில் இவரோடு அதிகம் சண்டை பிடித்தவர். பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அண்ணை, முன்கூட்டியே போட்டாச்சு. வீட்டிலை நாலு வாக்கும் உங்களுக்குத்தான்."

"உண்மையாவோ? என்ரை கட்சிச் சீட்டிலையோ?"

"சீ! உங்கடை கட்சியை ஆர் தொடுவான்? எங்கடை சீட்டிலைதான். உங்கடை பேரை வடிவா எழுதினனாங்கள். பிள்ளையளுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக் குடுத்தனான்."

"லிங்கம், அப்பிடி எழுதினால் ஐம்பத்தொன்பதிலை ஒரு பங்குதான் என்ரை கட்சிக்கு வரும்."

"அண்ணை கணக்குப் பாக்கிறார்!" என்று சிரித்தார் யோகலிங்கம். "வைபர் குழுவிலை எல்லாரும் அப்பிடித்தான் போடுகினம். எந்தச் சீட்டெண்டாலும் பறவாயில்லை, சச்சியண்ணையின்ரை பேரை எழுதுங்கோ எண்டு நான்தான் அனுப்பினனான். முந்நூறு பேர் கும்பிடுற கைப் படம் போட்டிருக்கினம்."

சச்சிதானந்தன் கையிலிருந்த பிரசுரத்தைப் பார்த்தார். பிறகு அதை யோகலிங்கத்திடம் கொடுத்தார். யோகலிங்கம் அதை மடித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தூறலுக்குள் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. கட்சிக்கு இரண்டு இடம். மூன்றாவது நானூற்றுப் பன்னிரண்டு வாக்குகளால் தவறியது. பராமரிப்பாளர் அறையில், பனி வழிக்கும் சவல்களுக்கு நடுவே, நகரசபையின் அறிக்கையை அவர் எனக்குத் திருப்பிக் காட்டினார். சொந்தக் கட்சிச் சீட்டில் அவர் பெயருக்குக் குறியிட்டு விழுந்த தனிவாக்குகள் எண்பத்தெட்டு. பிற கட்சிச் சீட்டுகளில் அவர் பெயரைக் கையால் எழுதியவர்கள் எழுநூற்று முப்பத்தொரு பேர். நீலப் பேனாவை எடுத்தார், வைத்தார். சிவப்பை எடுத்தார், அதையும் வைத்தார்.

"என்னை வேணுமாம். நான் சொல்லுறது வேண்டாமாம்" என்றார். "இதென்ன மனுசர்?"

ஒருவரை அவர் கருத்திலிருந்து உரித்தெடுக்க முடியுமா என்று புத்தகங்களில் நிறைய விவாதம் உண்டு. எழுநூற்று முப்பத்தொரு பேர் அதை ஒரு பேனாவால் செய்து முடித்திருந்தார்கள்.

அவரை அதிகம் அரித்தது அந்த எழுநூறு அல்ல, ஒன்று. மனைவி சிவகாமி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அங்கே ஊழியர்களின் தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவர்தான். எந்தச் சீட்டை எடுத்தாய் என்று இவர் செவ்வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிவகாமி புட்டு அவித்தபடி, "வாக்கு இரகசியம். நீங்கள்தானே ரேடியோவிலை சொன்னனீங்கள்?" என்பார். வியாழன் இன்னொருமுறை கேட்டதற்கு, "சாப்பிடுங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வானொலி நிலையத்தில் இருந்தேன். அன்று அவர் பத்திரிகை எதுவும் கொண்டுவரவில்லை. நேயர்களுக்கு நன்றி சொன்னார். குரலில் நன்றி குறைவாகவும் கணக்கு அதிகமாகவும் இருந்தது. ஐம்பத்தொன்பதில் ஒரு பங்கை மறுபடி விளக்கினார். "வீட்டுக்குள்ளையே சீட்டு மாறினால் வெளியிலை ஆரைக் குறை சொல்லுறது?" என்று முடித்தார். உடனே தொலைபேசி விளக்கு எரிந்தது.

"வணக்கம் நேயரே, ஆர் கதைக்கிறியள்?"

"வணக்கம். அம்மருட்டிலையிருந்து சிவகாமி."

தொழில்நுட்பம் பார்க்கும் லதீசன் கண்ணாடிக்கு அப்பால் எழுந்து நின்றுவிட்டான். சச்சிதானந்தன் ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு, யாருக்கும் சொல்வதைப்போலவே, "சொல்லுங்கோ சிவகாமி" என்றார்.

"நீங்கள் வீட்டுக்கதையை ரேடியோவுக்குக் கொண்டுவந்ததாலை நானும் இஞ்சையே சொல்லுறன். உங்கடை கட்சிச் சீட்டு நான் எடுக்கேல்லை."

"அது விளங்கினது. ஆனால் ஏனெண்டு நேயர்களுக்கு..."

"இடையிலை கதைக்காதேங்கோ. ஆறு நாளா நீங்கள் மட்டும்தான் கதைக்கிறியள். நான் வேலை செய்யிற இல்லத்தைத் தனியாரிட்டைக் குடுக்கவேணும் எண்டு உங்கடை கட்சி எழுதி வைச்சிருக்கு. நீங்களும் உதிலை இருந்து அதைத்தான் சொல்லுறியள். அங்கை முப்பத்தாறு பேர் என்னை நம்பி நிக்கினம். அந்தச் சீட்டைக் கையிலை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் அவையின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது? பேரை எழுதினனான். அது பொய்யில்லை. நீங்கள் நல்ல மனுசன், ஆனால் சொல்லுறது பிழை. இதை வீட்டிலை சொல்லி முடிக்க நீங்கள் விடமாட்டியள்..."

லதீசன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, துண்டிக்கவா என்று கையால் சைகை காட்டினான். சச்சிதானந்தன் தலையை ஆட்டி மறுத்தார். முன்னாலிருந்த ஒலிக்கலவைப் பலகையில் தன் ஒலிவாங்கிக்குரிய ஒலியளவுப் பிடியை அடிவரை இழுத்துவிட்டு, தொலைபேசிக்குரியதை மெல்ல மேலே தள்ளினார்.